நான்காம் ஞாயிறு ஒரு கோழியை அடை வையுங்கள்

நெல்லியடியிலும், கரவெட்டி, வதிரி, அல்வாய், துன்னாலை, உடுப்பிட்டி என்று அக்கம்பக்கத்து ஊர்களிலும் உயிர்ப்பு ஞாயிறு கொண்டாடப்போகும் குடும்பங்களுக்கும், கடல் கடந்து போயும் எங்கள் திருவிழாச் செலவைத் தலையில் சுமக்கும் உறவுகளுக்கும்,



விபூதிப் புதன் கழிந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் திகதிக்கான ஆயத்தங்கள் உங்கள் வீடுகளில் தொடங்கிவிட்டன. யார் வீட்டில் விருந்து, எத்தனை கிலோ இறைச்சி, கேக்குக்கு எங்கே சொல்வது, பிள்ளைகளுக்கு எந்த நிறத்தில் உடுப்பு என்று பேச்சு நடக்கிறது. இதில் எதையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. நாற்பது நாள் மச்சம் விட்டவர்கள் ஒரு நாள் வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும். சிலுவைப்பாதையில் முழங்காலில் நின்ற பிள்ளைகள் புது உடுப்புப் போட்டுத் துள்ளட்டும். என் மனக்குறை வேறு. இந்த ஆயத்தங்களில் ஒன்றுகூட உங்கள் மதிலைத் தாண்டி அடுத்த வளவுக்குப் போவதில்லை. உயிர்ப்பை நாங்கள் கோவிலில் தொடங்கிச் சாப்பாட்டு மேசையில் முடித்துவிடுகிறோம். அதைப் பற்றி உங்களோடு நேரே பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முன்பு எங்கள் ஊரில் வேலிகள்தான் இருந்தன. கிளுவையும் பூவரசும் நட்டுக் கிடுகு கட்டிய வேலிகள். அதில் எங்காவது ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு வழியாகக் கறிக் கோப்பை போகும், பிள்ளைகள் போகும், கோழியும் போகும். இன்று வெளிநாட்டுக் காசில் மதில் எழும்பியிருக்கிறது. கள்ளருக்குப் பயந்து எழுப்பினீர்கள், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் தனியே இருக்கும் ஆச்சி நேற்று என்ன சமைத்தா என்பது இன்று உங்களுக்குத் தெரியாது. வேலி இருந்த காலத்தில் அது தெரிந்தது.

நான் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். இயேசு தம்மை எதற்கெல்லாம் ஒப்பிட்டார் என்று வகுப்பில் கேட்டால், ஆயன், திராட்சைக் கொடி, வாயில், ஒளி என்று பிள்ளைகள் விரல் மடக்குகிறார்கள். கோழி என்று ஒரு பிள்ளையும் சொல்வதில்லை. மத்தேயுவும் எழுதிவைத்திருக்கிறார், லூக்காவும் எழுதிவைத்திருக்கிறார். மத்தேயு சொல்வதன்படி, பாடுபடுவதற்குச் சில நாள் முன்னர்தான் அவர் எருசலேம் நகரத்தை நினைத்துக் கலங்குகிறார். குஞ்சுகளைத் தன் செட்டைக்குள் சேர்க்கிற கோழியாக உன் பிள்ளைகளைச் சேர்க்க எத்தனையோ தடவை ஆசைப்பட்டேன், நீதான் சம்மதிக்கவில்லை என்பது அவருடைய துக்கம். அப்போது அந்த நாட்டை ஆண்ட உரோமைப் படையின் சின்னம் கழுகு. கழுகைக் கொண்டுதிரிந்தவர்களின் ஆட்சிக்குள் நின்று, தம்மைக் கோழிக்கு ஒப்பிட்ட ஆண்டவர் அவர். ஒலிவ மலைச் சரிவில், அவர் அழுத இடம் என்று நினைவுகூரும் சிறு கோவில் ஒன்று இருக்கிறது. 1955இல் கட்டப்பட்டது. அதன் பீடத்தின் முகப்பில் செட்டை விரித்துக் குஞ்சுகளை அணைத்த கோழி ஒன்றை நிறக்கற்களால் பதித்திருக்கிறார்கள். பூசை வைக்கும் பீடத்தில் ஒரு பேட்டுக்கோழி!

எங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் நினைவில் நிற்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்ததும் தாய்க்கோழி ஒருவிதமாகச் சத்தமிடும். சிதறி மேய்ந்த குஞ்செல்லாம் ஓடிவந்து செட்டைக்குள் புகுந்து, ஒரு நொடியில் முற்றத்தில் ஒற்றைக் கோழி மட்டும் நிற்கும். அதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அந்த வாசகத்தை விளக்கத் தேவையில்லை. காணாத பிள்ளைக்கு எத்தனை தரம் வாசித்தாலும் அது வெறும் எழுத்து. எங்கள் பிள்ளைகள் கோழியைக் காண்பது கடைக் குளிர்ப்பெட்டிக்குள் தோலுரித்த நிலையில்தான்.

சேவலையும் நினையுங்கள். பெரிய வெள்ளிக்கு முந்திய இரவு, கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே மூன்று தரம் மறுதலித்த பேதுருவை உலுப்பி எழுப்பியது ஒரு சேவலின் கூவல். எருசலேமில் சீயோன் மலையில், அது நடந்த இடம் என்று நினைவுகூரும் கோவிலின் உச்சியில் பொன்னிறச் சேவல் ஒன்று இருக்கிறது. எங்கள் அயலவரின் முருகனுக்கும் கொடியில் சேவல்தான். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியை அன்னதானக் கந்தன் என்கிறார்கள். பசித்து வந்தவரை யார் எவர் என்று கேளாமல் இருத்திச் சோறு போடுகிற இடம் அது. அங்கே போய்ச் சாப்பிட்டு வந்த கிறிஸ்தவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள். ஒரே பறவையை இரண்டு சமயத்தாரும் மதிக்கிற ஊரில், உயிர்ப்பு ஞாயிறு மட்டும் ஏன் எங்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும்?

உயிர்த்த ஆண்டவர் பேதுருவை மறுபடி கண்டது எப்படி என்பதை யோவான் சொல்கிறார். விடியற்காலை, கடற்கரை, மறுபடியும் ஒரு கரி நெருப்பு. மேலே மீன், பக்கத்தில் அப்பம். மறுதலித்தவனை இருத்திக் காலைச் சாப்பாடு கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி கேட்டார். கேட்டதும் தன்மேல் அன்பு இருக்கிறதா என்பதைத்தான். பருத்தித்துறைக் கரையில் வள்ளம் ஏறும் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை. கோபத்தைக் கழுவி, பிரிந்தவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது முதல் உயிர்ப்புக் காலத்து விருந்து. அந்த அளவுகோலை வைத்து எங்கள் விருந்துகளை அளந்து பார்க்கும்படி கேட்கிறேன்.

இனிக் கோழிக் கணக்குக்கு வருகிறேன். கோழி முட்டை பொரிக்க 21 நாள். உயிர்ப்பு ஞாயிற்றிலிருந்து 21 நாளைப் பின்னே எண்ணினால் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு வருகிறது. எந்த ஆண்டு எண்ணினாலும் அப்படித்தான். குருவானவர் ஊதாவை விட்டு ரோசா நிற உடுப்பில் பூசை வைக்கக்கூடிய அந்த மகிழ்ச்சி ஞாயிறுதான். இந்த ஆண்டு அது மார்ச் 15. அன்று கோழியை அடை வைத்தால், ஏப்ரல் 5ஆம் திகதியை ஒட்டி முட்டைக்குள் சத்தம் கேட்கும். இதைவிட நல்ல மறைக்கல்விப் பாடத்தை எந்தப் புத்தகத்தில் தேடப்போகிறோம்?

மேல்நாடுகளில் உயிர்ப்பு விழாவோடு முட்டை சேர்ந்ததற்கு வேறு காரணம் உண்டு. கோழி வெளிச்சத்தைப் பார்த்து முட்டையிடும் பறவை. அங்கே குளிர்காலத்தில் பகல் குறுகி முட்டை நின்றுபோகும், இளவேனிலில் பகல் நீண்டு கூடை நிரம்பும். பழைய காலத்தில் தவக்காலத்தில் முட்டையையும் விலக்கியதால் அது சேர்ந்து கிடந்தது. விழா வந்ததும் நிறம் தீட்டிப் பங்கிட்டார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் எங்கள் கோழிக்குப் பங்குனியும் ஒன்றுதான் ஐப்பசியும் ஒன்றுதான். அவர்களுடைய நிறம் தீட்டிய முட்டையையும் சொக்லேட் முட்டையையும் நாங்கள் இரவல் வாங்க வேண்டிய அவசியமில்லை. எங்களிடம் அடைக்கோழி இருக்கிறது.

அடை வைக்கத் தெரிந்த அம்மம்மாமார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். கடை முட்டை பொரிக்காது, பண்ணையில் பேடுகளோடு சேவல் இல்லை. பண்ணையில் முட்டைக்கு வளர்க்கும் கலப்பினக் கோழி பெரும்பாலும் அடையும் கிடக்காது. அடை கிடக்கும் குணத்தைக் கழித்துக் கழித்துத்தான் ஆண்டுக்கு 300 முட்டை இட வைத்திருக்கிறார்கள். ஊர்க்கோழி ஆண்டுக்கு 50 முட்டை போட்டாலே பெரிது. ஆனால் அது தாயாக இருக்கிறது. சேவலோடு திரிந்த பேட்டின் முட்டையாகப் பார்த்து, பத்து நாளுக்கு மேல் பழசாகாததாகத் தெரிவு செய்து, கூர் முனை கீழாக இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் சேர்த்து வையுங்கள். ஒரு கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். பேராசைப்பட்டு இருபது வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாமல் எல்லாம் கெடும். கடகத்துக்குள் சாம்பல் தூவி, மேலே வைக்கோல் பரப்புங்கள். சாம்பல் செள்ளைத் தடுக்கும். கரித்துண்டும் இரும்புத்துண்டும் செத்தல் மிளகாயும் கடகத்துக்குள் போட்டால் இடிமுழக்கத்துக்கு முட்டை பழுதாகாது என்பார்கள் பெரியவர்கள். போடட்டும், அவர்கள் மனமும் குளிரட்டும்.

ஏழாம் நாள் இரவு ஒவ்வொரு முட்டையாக எடுத்து வெளிச்சத்துக்கு முன் பிடியுங்கள். கரு உள்ள முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் ஒரு கறுப்புப் புள்ளியிலிருந்து படர்ந்து தெரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, எண்ணெய்த் தட்டுப்பாட்டில் போத்தல் விளக்கு வெளிச்சத்திலும் இதைப் பார்த்தவர்கள் நாங்கள். இன்று பிள்ளைகளின் கைத்தொலைபேசி வெளிச்சமே போதும். அந்தப் பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் பார்ப்பவற்றுள் இதைவிட அருமையானது வேறில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்த 21 நாளும் தாய்க்கோழி ஒரு நாளைக்கு ஒருதரம் இறங்கி, தீன் பொறுக்கி, தண்ணீர் குடித்து, மண்ணில் உடம்பைப் புரட்டிவிட்டு ஓடிவந்து ஏறும். தன் சொண்டால் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைக்கும். மெலிந்துபோகும். கொண்டைச் சிவப்பும் மங்கும். தவம் என்றால் என்ன என்று பிள்ளைக்குக் காட்ட உங்கள் கோடிப்புறத்திலேயே ஒரு சீவன் இருந்து காட்டும். பங்குனி வெயில் கொடியது, அதனால் கடகத்தை நிழலில் வையுங்கள். சிரட்டையில் தண்ணீர் வற்றவிடாமல் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

கடைசி நாள் குஞ்சு ஓட்டில் துளை போட்டுவிட்டு மணிக்கணக்காகச் சும்மா கிடக்கும். அப்போது பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல் ஓட்டைப் பிய்த்து உதவப் பார்ப்பார்கள். விடாதீர்கள். உள்தோலில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுபட்டு முடிந்திருக்காது. அவசரப்பட்டுப் பிய்த்தால் குஞ்சு சாகும். அந்த மஞ்சட்கருவின் பலத்தில் பொரித்த குஞ்சு இரண்டு நாள் தீனில்லாமலும் இருக்கும். ஆகவே பாஸ்கா இரவுப் பூசைக்கு நீங்கள் நிம்மதியாகப் போய் வரலாம். தாய் பார்த்துக்கொள்ளும்.

இதை எழுதும்போது, நிறம் பூசிய குஞ்சுகளைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் திருவிழாக் கடைகளில் பச்சை, ரோசா, மஞ்சள் என்று சாயம் போட்டு அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் பிள்ளைகள் அதைக் கேட்டு அழத் தொடங்கிவிட்டார்கள். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத ஆண் குஞ்சுகளே பெரும்பாலும் அப்படி விற்கப்படுகின்றன. தாயில்லை, சூடில்லை. பிள்ளையின் கையில் ஓரிரு நாள் இருந்துவிட்டுச் செத்துப்போகும். ஆண் குஞ்சு பிறந்த அன்றே அதைக் கொல்வது உலகின் பல நாடுகளில் அந்தத் தொழிலின் வழக்கம். ஜேர்மனி 2022 முதல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. ஜேர்மனியில் இருக்கும் எங்கள் உறவுகளே, அங்கே முட்டைப் பெட்டியில் அதைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்திருப்பீர்கள். ஊருக்கு வரும்போது உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அட்டைப்பெட்டிக் குஞ்சை வாங்கிக் கொடுக்காதீர்கள். உயிர்ப்பைக் கொண்டாடுகிற வாரத்தில், ஓர் உயிர் விளையாட்டுச் சாமான் என்று பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டாம்.

கோழியைக் கொண்டுபோகும் விதமும் மாற வேண்டும். காலைக் கட்டிச் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுவருவதை இன்னும் காண்கிறோம். மிருகங்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் எங்கள் நாட்டுச் சட்டம் 1907இல் வந்தது. அதிலே தண்டப்பணம் ஆகக்கூடியது 100 ரூபா. நூறு ஆண்டு கடந்தும் அந்தத் தொகை அப்படியே கிடந்தது. சட்டத்தை நம்பி இருக்காதீர்கள். இறைச்சி சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடையில் நிமிர்த்தி இருத்திக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளின் கண்முன் வதைக்காதீர்கள், அடைக் கோழியையும் குஞ்சுத் தாயையும் விருந்துக்கு அடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, அந்த உயிர்ப்பு ஞாயிறு உங்களுக்கு மறந்திருக்காது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு விடுதிகள் என்று அந்த ஒரு காலையில் வெடித்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சீயோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள் போனார்கள். அதன் பிறகு எத்தனையோ உயிர்ப்பு ஞாயிறுகளில் எங்கள் பிள்ளைகள் துவக்கோடு நின்ற ஆட்களைக் கடந்து, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கோவிலுக்குள் போனார்கள். உயிர்ப்பு என்ற சொல்லோடு பயம் ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் இன்று வளர்ந்து வருகிறார்கள். அவர்களோடு அதைப் பற்றிப் பேசுங்கள், இறந்தவர்களுக்காகச் செபியுங்கள். பூசை முடிந்து வந்ததும் கடகத்தைத் திறந்து, ஈரம் காயாத குஞ்சை உள்ளங்கையில் வைத்து அவர்களிடம் கொடுங்கள். அந்த நாள் அவர்களுக்கு இந்தச் சூட்டோடும் நினைவில் நிற்கட்டும்.

சரி, பத்துக் குஞ்சு பொரித்துவிட்டது. அதன் பிறகு என்ன என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போர் முடிந்த பிறகு வாழ்வாதார உதவி என்ற பெயரில் எத்தனையோ வீடுகளுக்குக் கோழி கொடுத்தார்கள். கணவனை இழந்த பெண்களுக்கும், காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் கொடுத்தார்கள். கொடுத்த இடத்தில் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தாழ்த்தாமல் கமெராவைப் பார்க்கச் சொன்னார்கள். பண்ணைத் தீனில் பழகிய கோழி வறிய வீட்டுக் குறுணியில் மெலிந்தது. வருத்தம் வந்தபோது ஏன் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. கூடு மட்டும் மிஞ்சிய வீடுகளை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்றும் விருந்து நாட்களில் நாங்கள் கொடுக்கிற பொதிகள் பல, படமாகி முகநூலில் ஏறிய பிறகுதான் கொடுத்ததாகக் கணக்கு. வாங்கியவரின் பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்குப் போய் மற்றப் பிள்ளைகளின் முன்னால் இருக்க வேண்டும் என்று யாராவது யோசித்தீர்களா? கொடுக்கிற மனம் உங்களிடம் நிறையவே இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் எழும்பி நடந்து வந்தபோது, எங்கள் வடமராட்சியிலும் வளவுக்குள் கொட்டில் போடவிட்டு, கிணற்றைத் திறந்துவிட்டு, உலையில் அரிசி கூட்டிப் போட்டவர்கள் நீங்கள், உங்கள் தாய் தகப்பன்மார். அன்று ஒருவரும் படம் எடுக்கவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியையும் நினையுங்கள். தீன் கிடைக்காமல் பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன, முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை வந்தது, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். முட்டை கேட்ட பிள்ளைக்குத் தேளைக் கொடுக்கும் தகப்பன் இருப்பானா என்று ஆண்டவர் கேட்டார். ஒன்றும் கொடுக்க வழியில்லாமல் நின்ற தகப்பன்மார் எங்கள் ஊரில் அப்போது இருந்தார்கள். அடுப்படிக் கழிவையும் கறையானையும் தின்று வளரும் ஊர்க்கோழி அந்த வீடுகளில் நின்றிருந்தால், கிழமைக்கு இரண்டு முட்டையாவது அந்தப் பிள்ளைகளின் கோப்பையில் இருந்திருக்கும்.

ஆகவே, குஞ்சுகள் தாயை விட்டுப் பிரியும் பருவம் வந்ததும், ஏறக்குறைய பெந்தகோஸ்து ஞாயிறு கழிந்த பிறகு, அதில் இரண்டு பேட்டையும் ஒரு சேவலையும் கோழி இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். உங்கள் சமயத்தவரின் வீடாக இருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டாம். பொழுதுபட்ட பிறகு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கூடையோடு கொடுத்துவிட்டு வாருங்கள். படம் வேண்டாம். அந்த வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு குஞ்சு பொரித்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால், கணக்கு அவர்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் இருக்கட்டும். தனித்திருக்கும் முதியவர்களுக்குக் கொடுங்கள். விடிய எழும்பிக் கூட்டைத் திறக்க ஒரு காரணம் கிடைத்தால், பிள்ளைகளெல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற ஓர் ஆச்சிக்கு அது சின்ன விஷயம் இல்லை. கொடுத்த சாட்டில் நீங்களும் கிழமைக்கு ஒருதரம் போய்க் குஞ்சு எப்படி என்று கேட்பீர்கள் அல்லவா? அந்த விசாரிப்புக்காகவே இதைக் கேட்கிறேன்.

இதற்கு நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். கோழி அடுத்த வளவு வெங்காயப் பாத்தியைக் கிளறும், சண்டை வரும் என்பீர்கள். வரும். கோழியால் பேச்சு நின்ற குடும்பங்கள் எங்கள் ஊரில் தலைமுறைக் கணக்கில் உண்டு. உங்கள் கோழி அயல் வைக்கோல் போரில் முட்டையிட, அது யாருடைய முட்டை என்று தொடங்கிப் பொலிஸ் வரை போன கதைகளும் உண்டு. நாற்று வைத்த நாட்களில் கோழியை வலைக்குள் விடுங்கள், பின்னேரம் மட்டும் திறந்துவிடுங்கள். அயல் வளவில் இட்ட முட்டை அயலவருக்கு என்று நீங்களே முந்திப்போய்ச் சொல்லுங்கள். ஏற்கெனவே பேச்சு நின்ற வீடு ஒன்று உங்களுக்கு இருந்தால், ஏப்ரல் 5 காலை, முதலில் ஐந்து முட்டை அந்த வீட்டுக்குப் போகட்டும். யார் பிழை என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கடற்கரையில் ஆண்டவர் சாப்பாட்டைத்தான் முதலில் வைத்தார்.

கீரியும் மரநாயும் நாயும் பிடிக்கும் என்பீர்கள். இரவில் அடைக்க நிலத்திலிருந்து உயர்த்திய ஒரு கூடு வேண்டும். பனை மட்டையும் பழைய பலகையும் இல்லாத வளவு எங்கள் பக்கம் இல்லை. கோழிக்கு வருத்தம் வந்தால் ஒன்றும் மிஞ்சாது என்பீர்கள். இந்த ஒரு மறுப்பு மிகவும் சரியானது. கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரு கிழமைக்குள் வளவையே வெறுமையாக்கும் அந்த இராணிக்கெட் நோய்க்கு மருந்தில்லை. முன்கூட்டிய தடுப்பூசி மட்டும்தான் வழி. அந்த ஊசிமருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதுமான சிறு குப்பியில் வருகிறது. கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் அதை எப்படித் தனியே வாங்குவார்? வாங்குவதில்லை, அதனால்தான் நோய் வளவு வளவாகத் தாவுகிறது. உங்கள் கோழிக்கு மட்டும் ஊசி போட்டு நீங்கள் முழுதாகத் தப்பவும் முடியாது, அயல் கோழிக்கும் போட வேண்டும். அன்பியக் கூட்டங்களில் மாதம் தவறாமல் கூடுகிறோம், செபிக்கிறோம், தேநீர் குடிக்கிறோம். அதே கூட்டம் ஒன்றைக் கால்நடை வைத்தியரை அழைத்துக் கோழி ஊசி நாளாக வையுங்கள். சைவ வீட்டார், மெதடிஸ்த சபையார், தென்னிந்திய திருச்சபையார் எல்லோரும் கூடைகளோடு வரட்டும். எங்கள் கோவில் வளவில் அயலவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க இதைவிட நல்ல சாட்டு எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, விழா நாள் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அனுப்பும் காசில் ஒரு பங்கை இதற்கென்று சொல்லி அனுப்புங்கள். கூட்டுக்கு வலை, ஊசிமருந்து, ஆளில்லா முதியவரின் வீட்டில் கூடு அடிக்க ஒருவருக்குக் கூலி என்று அது போகட்டும். பெயர்ப்பலகை கேட்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டு வளவை, கோழி விட இடமில்லாத அயலவருக்குத் திறந்துவிடச் சொல்லி ஒரு வார்த்தை தொலைபேசியில் சொல்லுங்கள். அந்த வார்த்தைக்குக் காசும் தேவையில்லை.

குருமாரே, நான்காம் ஞாயிறு பூசை முடிவில் கடகங்களைக் கோவில் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி ஆசீர்வதியுங்கள். குருத்து ஞாயிற்றில் ஓலையை ஆசீர்வதிக்கிறோம், புதுச் சைக்கிளையும் ஆட்டோவையும் ஆசீர்வதிக்கிறோம். அடை முட்டைக்கும் ஒரு துளி தீர்த்தம் தெளிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அன்றைய பிரசங்கத்தில் அந்தக் கோழியின் செட்டையைப் பற்றி இரண்டு வசனம் பேசுங்கள்.

மற்றவர்களிடம் நான் கேட்பது இதுதான். பரணில் கிடக்கும் கடகத்தை இந்தச் சனிக்கிழமையே இறக்கி வெயிலில் போடுங்கள். கோழி உள்ளவர்கள் மார்ச் 5ஆம் திகதிக்குப் பிறகு இடும் முட்டைகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். அடைக்கோழி இல்லாதவர்கள் அயலில் இரவல் கேளுங்கள். கோழி இரவல் கொடுப்பது எங்கள் ஊரில் புதிதில்லை. முட்டை இருந்து கோழி இல்லாத வீடு, கோழி இருந்து முட்டை இல்லாத வீடு, குஞ்சு தேவைப்படும் வீடு என்று மூன்று பக்கம் போட்ட ஒரு கொப்பியோடு, வருகிற ஞாயிறு பூசை முடிந்து நான் கோவில் படலையடியில் நிற்பேன். உங்கள் பெயரை முதல் இரண்டு பக்கங்களில் எழுதித் தாருங்கள். மூன்றாம் பக்கத்தில் வரும் பெயர்களை நான் ஒருவருக்கும் காட்டமாட்டேன். தேவைப்படுகிறவர்கள் பூசைக்கு வராதவர்களாக இருந்தால், அவர்கள் வீட்டுப் படலைக்கு நானே வருகிறேன்.

ஆண்டவரில் உங்கள் சகோதரி,
நெல்லியடியிலிருந்து ஒரு மறைக்கல்வி ஆசிரியை